கரை காட்டும் கருவி

"மாமா, கருவிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு! நாம தரையில நிக்கிறோம்னு சொல்லுது!"

படகைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீர். கரை தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. மருமகன் ஜி.பி.எஸ். கருவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். திரையில் மஞ்சள் நிறத் தரைக்கு நடுவே படகின் அம்புக்குறி அசையாமல் நின்றது. போதாக்குறைக்குக் கீ கீ என்று எச்சரிக்கை வேறு.

"அதை அணைச்சுத் தொலைடா மாப்ளே. மீனைக் காட்டச் சொன்னா என் மானத்தை வாங்குது," என்றார் படகுக்காரர்.

வாரம் முழுக்க அந்தக் கருவி குறித்துக் காட்டிய இடத்துக்கெல்லாம் ஓடி, வெறும் படகோடு திரும்பியாகிவிட்டது. கடல் சூடாகி மீன்கள் இடம் மாறிவிட்டன என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கே மாறின என்று மட்டும் சொல்லவில்லை. படகில் இருந்த மூன்று ஆட்களும் நகரத்துக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் காலி இடங்களில் ஒன்றைக் கேட்டுத்தான் ஐஸக்கா இன்று படகில் ஏறியிருந்தாள்.

துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் கட்டி உடைப்பவள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவள். "ஒரே ஒரு நாள் நான் சொல்ற பக்கம் படகை விடுங்க. மீன் ஏறினா எனக்குப் படகுல வேலை, ஆம்பளைங்களுக்குக் குடுக்கற அதே பங்கு. ஏறலேன்னா உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்," என்று மூன்று நாள் விடாமல் நச்சரித்திருந்தாள்.

துறைமுகத்திலிருந்து இங்கே வர மூன்று மணி நேரம். படகுக்காரர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. எட்டிக் கலங்கிய தண்ணீருக்குள் கம்பை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டு ஆள் ஆழம்கூட இருக்காது போலிருக்கே! இங்க குளிக்கலாம்மா. மீன் புடிக்க முடியாது."

"இன்னும் பத்தடி தெற்கே விடுங்க மொதலாளி. கரையில தெரியுற அந்த டவரும் தண்ணித் தொட்டியும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிக்கணும். விடுங்க... விடுங்க... போதும், நிறுத்துங்க!"

மருமகன் வலையைத் தூக்கினான்.

"ஐயோ, வலை வேணாம் தம்பி! கிழிஞ்சு நாராயிடும். தூண்டில் போடு."

"அடியில மணல்தானே அக்கா? மணல் எப்படிக் கிழிக்கும்?"

"சொன்னதைச் செய்யேன்."

"மாமா, ஐஸ் உடைக்கறவங்க எல்லாம் கேப்டன் ஆயிட்டாங்க. நாம போய் ஐஸ் உடைக்கலாமா?"

மூன்று தூண்டில்கள் இறங்கின. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஐஸக்கா தூண்டில் நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு தண்ணீரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா, விடு," என்றார் படகுக்காரர், கொஞ்சம் இரக்கத்தோடு. "இப்பத் திரும்பினா மத்தியான ஷிப்ட்டாவது உனக்குக் கிடைக்..."

முடிக்கவில்லை. அவர் கையிலிருந்த நரம்பு சரேலென்று ஓடியது.

"புடிங்க! விட்டுடாதீங்க!" ஐஸக்கா கத்தினாள். "ஓட விடாதீங்க, உள்ள பூந்துக்கும்! மேல தூக்குங்க!"

காலைப் பலகையில் ஊன்றி இழுத்தார். தொடைத் தடிமனில் ஒரு களவா மீன் துள்ளிக்கொண்டு வந்து விழுந்தது. அதற்குள் மருமகன் குதிக்க ஆரம்பித்துவிட்டான். "எனக்கும்! மாமா, எனக்கும்! அம்மாடி, கையை அறுக்குதே!" ஐஸக்கா தன் பங்குக்கு இரண்டை ஏற்றிப் போட்டாள்.

அப்புறம் யாருக்கும் பேச நேரமில்லை. இரை கோர்ப்பதும் இழுப்பதுமாக இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. பெட்டிகள் நிறைந்து, கொண்டுவந்த ஐஸ் போதாமல், ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்கள். சட்டையைக் கழற்றிப் பிழிந்த மருமகன், தலைக்கு மேல் சுழற்றி விசிலடித்தான்.

"இந்தா, கேட்டுக்கோ," என்றார் படகுக்காரர், மூச்சு வாங்க. "நாளையிலேருந்து உன்னை ஐஸ் கம்பெனிப் பக்கம் பார்த்தேன், தொலைச்சுடுவேன். அதே பங்கு. ஒரு பைசா குறையாது."

ஐஸக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீராக இருக்கலாம்.

"அக்கா, அது கிடக்கட்டும்," மருமகன் விடவில்லை. "இது பாறைக்குள்ள ஒளியற மீன். இங்க ஒரு கல்லுகூடக் கிடையாது. கருவியோ கெட்டுப்போய்த் தரைங்குது. அதுக்கே தெரியாத இடம் உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"அது கெட்டுப் போகல தம்பி. அதுக்கு இன்னும் சேதி போகல, அவ்வளவுதான்," என்றாள் ஐஸக்கா, கொக்கியில் இரையைக் கோர்த்தபடி. "மொதலாளி, நீங்க தூண்டில் விட்டிருக்கறது எங்க வீட்டுச் சமையக்கட்டுல. அந்தப் பக்கம் போடுங்க. பக்கத்து வீடு எங்களுதைவிடப் பெருசு."