வாங்காத இரண்டு கோடிப் பேர்

பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய அறிவிப்பு: 'அசுரக்கோட்டை' என்னும் வீடியோ விளையாட்டு மூன்று கோடிப் பிரதிகள் விற்று, படுதோல்வி அடைந்தது. ஐந்து கோடி விற்கும் என்று நிறுவனத்தின் கணிப்பு இயந்திரம் சொல்லியிருந்ததாம்.

கோட்டையை வடிவமைத்த மணிவாசகத்தை மேலாளர் சக்ரபாணி கூப்பிட்டார்.

"ஊர்ல யாரும் வாங்காததை விடு. உன் ரெண்டு பசங்களே வாங்கலையேய்யா!"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல சார்."

"கணிப்புல ஆயிடுச்சே. ஏன் ஆகல?"

மணிவாசகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏழு வருஷமா பொண்ணு பாக்கப் போக லீவு கேட்டேன். முதல்ல கோட்டையை முடின்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"ஆக, நஷ்டத்துக்கு நீதான் காரணம்னு ஒத்துக்கறே."

அன்றைக்கே வேலை போனது. வேலையில்லாதவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. அடுத்த விளையாட்டுக்கான கணிப்பில் அவனுக்கு மூன்று பிள்ளைகள்.