சுவரைத் தாண்டிய சத்தம்

“வேற யாரு சார்? அந்த டவர்காரன்தான் போட்டுக் குடுத்திருக்கான்!” என்று வீட்டுக்காரர் வாசலைப் பார்த்துக் கத்தினார். எதிர்வீட்டு மொட்டை மாடிவரை எட்ட வேண்டும் என்றே கத்தினார்.

நகராட்சி ஆய்வாளர் வாசலில் செருப்பைக் கழற்றினார். காலையிலிருந்து ஏறி இறங்கிய படிகளின் கணக்கு அவருடைய முழங்காலுக்குத்தான் தெரியும். போன் செய்தவர் பெயர் சொல்லவில்லை. ‘அந்த வீட்டில் தையல் மெஷின் ராப்பகலாக ஓடுகிறது’ என்ற புகாரோடு அலுவலகத்தில் அவரை இங்கே துரத்தியிருந்தார்கள்.

“அவன் மாடியில செல்போன் டவர் வைக்க அக்கம்பக்கத்து சம்மதம் வேணுமாம். நான் முடியாதுன்னுட்டேன். அந்தக் கடுப்பை இப்படித் தீத்துக்கறான்.”

டவர் இன்னும் வரவில்லை. பட்டப்பெயர் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பட்டப்பெயருக்குச் சொந்தக்காரர் தன் வீட்டு கேட்டுக்கு வந்து நின்றார். “என் டவர் அனுமதியே சார் மேஜையிலதான்யா கிடக்கு. இந்த நேரத்துல அவரைத் தெருவுக்குக் கூப்பிட்டு வம்பை விலைக்கு வாங்குவேனா?”

நியாயமான கேள்விதான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பின்னறையில் லாட்ஜுகளுக்குப் போக வேண்டிய தலையணை உறைகள் ஜன்னல் உயரத்துக்குக் குவிந்திருந்தன. நடுவில் ஒரு பவர் மெஷின், அதன் முன்னால் வீட்டுக்காரரின் மனைவி. அவள் கண்கள் சிவந்து கிடந்தன. நம்மைப் பார்த்துத்தான் அழுதிருக்கிறாள் போலிருக்கிறது என்று ஆய்வாளருக்குச் சங்கடமாகிவிட்டது.

மாமியார் முந்திக்கொண்டார். “வெளியாள் ஒருத்தர்கூட கிடையாதுங்க. எல்லாம் வீட்டு ஆளுங்கதான்.”

“யார் யாரு?”

“மருமக தைக்கிறா. பையன் ஆர்டர் பிடிக்கிறான். நான் மடிச்சு வைக்கிறேன்.”

மடித்து வைத்த ஓர் உறையைக்கூட அங்கே காணோம். ஆய்வாளர் அதைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதிலைக் கேட்கத் தெம்பு வேண்டும்.

“வீட்டுல தொழில் பண்ணலாம். போர்டு கூடாது, வெளியாள் கூடாது. சத்தம் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா அனுமதி ரத்து, மெஷினுக்கு சீல்” என்று ஒப்பித்துவிட்டு, அரக்கும் கம்பியும் இருந்த சின்னப் பையை மெஷின் ஓரமாக வைத்தார். எல்லார் கண்ணும் அந்தப் பை மேலேயே இருந்தது.

“எப்பவும் ஓட்டற மாதிரி ஓட்டும்மா.”

அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற கணவன், உள்ளங்கையைக் கீழே அழுத்தி அழுத்தி ‘மெதுவா, மெதுவா’ என்று ஜாடை காட்டினான். அவள் அதைப் பார்த்தாள். எழுந்து போய், சாத்தியிருந்த ஜன்னலை விரியத் திறந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, பெடலை அடிவரை மிதித்தாள்.

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. சத்தத்தை அளக்கும் கருவியோடு பக்கத்து வீட்டுப் பக்கம் போன ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினார். “தாண்டிடுச்சு.”

“ஏண்டி, ஜன்னலையாவது சாத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்று கணவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு ஆய்வாளரிடம் குழைந்தான். “சூதுவாது தெரியாதவ சார். காய்ச்சல்னாகூட மெஷினை விட்டு எந்திரிக்க மாட்டா. இது நின்னா எங்க வீட்டுல அடுப்பெரியாது.”

மாமியார் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டார். அவள் மட்டும் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மெஷின் மேல் வைத்தாள்.

ஆய்வாளருக்கு மனசு கேட்கவில்லை. மெஷினுக்கு அடியில் துணியைத் திணித்தவர்களைப் பார்த்திருக்கிறார். அவர் வரும் நேரம் பார்த்து ஃபியூஸைப் பிடுங்கியவர்களையும் பார்த்திருக்கிறார். ஜன்னலைத் திறந்து வைத்து உள்ளதை உள்ளபடி காட்டிய ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறார். இவள் பிழைப்பில் மண்ணைப் போட அவருக்குக் கை வரவில்லை.

“ஜன்னலைச் சாத்தி ஓட்டினா அளவுக்குள்ளதான் வரும். அப்படியே எழுதிக்கறேன். அனுமதி இருக்கட்டும்.”

கணவன் கும்பிட்ட கையோடு போனை எடுத்தான். “அண்ணே, சீல் வச்சிடுவாங்களோன்னு ஒரு பெரிய ஆர்டரை வேணாம்னேன்ல? எடுத்துக்கறோம். ஆமாண்ணே, ரெண்டு மடங்காவே அனுப்புங்க!”

ஆய்வாளர் படியிறங்கினார். அடுத்து எதிர்வீட்டு மாடி ஏற வேண்டும். ஆனாலும் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. நல்லது என்று ஒன்றைச் செய்து எவ்வளவு நாளாகிவிட்டது!

பின்னால் காலடிச் சத்தம். அவர் மறந்து வைத்துவிட்டு வந்த சீல் பையை எடுத்துக்கொண்டு அவள் ஓடி வந்தாள். அவர் வாங்கக் கை நீட்டினார். அவள் பையை விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

நன்றி சொல்ல வார்த்தை வராமல் தவிக்கிறாள் என்று நினைத்து அவரே பேசினார். “கவலைப்படாதம்மா. இனிமே எவன் போன் பண்ணினாலும் நான் பாத்துக்கறேன். உன் மெஷின் நிக்காது.”

அவள் ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அவர் வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“போன் பண்ணினதே நான்தான் சார்.”