இரண்டு வாயுக்கள்

ஆய்வாளர் சின்னப் புட்டியிலிருந்து கொஞ்சம் வாயுவைப் பீய்ச்சியதும், சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அலாரம் வீறிட்டது.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். கணவர் அசையவில்லை.

"கருவி நல்லாத்தான் இருக்கு சார். அன்னைக்கும் அடிச்சிருக்கணுமே?"

விபத்துக்குப் பிறகு வீட்டைச் சோதிக்க வந்தவர் அவர். குழந்தையின் அறையை மட்டும் வாசலில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

"அடிச்சுது. நான்தான் நிறுத்தினேன்."

மகளை அடக்கம் செய்துவிட்டு வந்தபின் கணவர் வாயிலிருந்து முழுசாக வந்த பேச்சு அதுதான்.

வெந்நீர் போடும் கேஸ் ஹீட்டர் சத்தமில்லாமல் கார்பன் மோனாக்சைடைக் கக்கிய இரவு அது. இவர்கள் படுத்த அறையில் ஜன்னல் திறந்திருந்தது. குழந்தைக்குச் சளி என்று அந்த அறை ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"பக்கத்துல இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறிட்டிருந்துது. அதுலேருந்து ஹைட்ரஜன் வரும். அலாரத்துக்குள்ள இருக்கிற பாலிமர் செல்லுக்கு ரெண்டு வாயுவையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. எது பட்டாலும் கரண்ட் உண்டாகும். கத்தும்."

ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்பச் சரி. பஸ் டிரைவர்னு சொன்னாங்க... இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?"

அவள் வாயைத் திறந்தாள்.

அவர் முந்திக்கொண்டார். "எங்கேயோ படிச்சேன் சார்."

ஆய்வாளர் புட்டியை மூடிப் பையில் வைத்தார். வாசலில் கணவரின் தோளை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி எதையும் படிக்காத மனுஷர். கலப்பு வாயுக்கள் பாலிமர் செல்லில் என்ன செய்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்பவள் அவள். ஒருமுறை பேட்டரியால் அலாரம் வீணாக அலறியபோது, இதே மேசையில் சோற்றைப் பிசைந்தபடி அவள் விளக்க, கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டு கேட்டார். ஒரு வார்த்தை சிந்தாமல் வைத்திருந்திருக்கிறார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

அந்த இரவில் அலாரம் அடித்ததும் அவர் பதறிக்கொண்டு எழுந்தார். பாப்பாவைத் தூக்கிட்டு வந்துடறேன் என்று கதவுவரை போய்விட்டார்.

போர்வைக்குள்ளிருந்து, கண்ணைக்கூடத் திறக்காமல், அவள்தான் சொன்னாள்:

"பேட்டரிதான். நிறுத்திட்டு வந்து படுங்க."