முதுகைக் காட்டும் அண்ணன்

'இப்படியும் ஒரு அண்ணனா!'

ஆயாம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வார்டைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. ஜன்னலோரக் கட்டிலில் பதினேழு வயதுப் பெண். நெஞ்சுக்குள் அபூர்வமாக வரும் நிணநீர்க் கட்டி. ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். ஆனால், அது கிளப்பிவிட்ட எதிர்ப்புச் சக்தி இன்னும் அடங்கவில்லை. உடம்பைக் காக்க வேண்டியது உடம்பின் மேலேயே பாய்ந்து, வாயெல்லாம் புண். ஆகாரம் மூக்குக் குழாய் வழியாகத்தான்.

அண்ணன்காரன் தினமும் மத்தியானம் வருவான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தங்கைக்கு முதுகைக் காட்டி உட்காருவான். முழுசாக ஒரு மணி நேரம். பேச்சு மூச்சு கிடையாது. எழுந்து போய்விடுவான்.

ஆயாம்மா அப்படியா? காலையில் வாளியைக் கீழே வைத்ததும் முதல் வேலை நலம் விசாரிப்பதுதான்.

"எப்படிடா கண்ணு இருக்கே? வலி குறைஞ்சிருக்கா?"

"பரவா...யில்ல, ஆயாம்மா."

உதட்டோரம் ரத்தம் கசியும். ஈரப் பஞ்சால் பதமாக ஒற்றி எடுப்பாள். சாயங்காலமும் அதே விசாரிப்பு, அதே பஞ்சு.

அன்றைக்கு மத்தியானம் டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆறவே இல்லையே. இந்த வாரமும் குழாயை எடுக்க முடியாது."

பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதும் அண்ணன் திரும்பவில்லை.

ஆயாம்மா அவனை வராந்தாவில் மடக்கினாள்.

"ஏன் தம்பி, வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கியா?"

"ஆமா, ஆயாம்மா!" குரலில் வராந்தாவே அதிர்ந்தது. "மார்க்கெட்ல ஏலம் கூவுறவன் நான். வாய்தான் எனக்குப் பொழைப்பே."

"அப்போ தங்கச்சிகிட்ட மட்டும் என்ன?"

"நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்போது சொல்லுவா. என் மூஞ்சியைப் பார்த்தாலே சிரிச்சிடுவா. புண்ணு ஆறணும்னா வாயை அசைக்கவே கூடாதாம். அதான் முதுகு."

"அதுக்கு வராமலேயே இருக்கலாமே?"

"முதுகாச்சும் தெரிஞ்சா, அண்ணன் இருக்கான்னு நிம்மதியா தூங்குவால்ல?"

அவன் குரல் இறங்கியது.

"பதினெட்டு நாளா ஒரு வார்த்தை பேசலை. அப்படியும் புண்ணு தினம் பிளந்துக்குது. எதனாலேன்னுதான் புரியலை, ஆயாம்மா."

காலையில் ரத்தம் ஒற்றிய பஞ்சு ஆயாம்மாவின் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வாளியோடு உள்ளே போனாள். அவளைப் பார்த்ததும், வழக்கமான கேள்விக்குப் பதில் சொல்ல, பெண் மெல்ல உதட்டைப் பிரித்தாள்.

ஆயாம்மா சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தாள்.