ஊசியக்கா

மறுபடியும் ஊசி ஒடிந்துவிட்டது.

"மெஷினை நிறுத்துங்க! எல்லாரும் எழுந்து தள்ளி நில்லுங்க!" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

அந்தச் சட்டைக் கம்பெனியில் அது கண்டிப்பான விதி. ஒடிந்த ஊசியின் துண்டுகள் எல்லாம் கைக்கு வந்தாக வேண்டும். ஒரு துணுக்கு தையலுக்குள் போய், வாங்கியவர் கழுத்தில் குத்திவிட்டால் கம்பெனியின் பெயர் போய்விடும். அதனால், கிடைக்கும்வரை அந்த வரிசையில் ஒரு மெஷினும் ஓடாது.

ஒடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. பாக்கெட் தைக்கிற அக்காதான். தினமும் அவர்தான். 'ஊசியக்கா' என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

"கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடுங்கக்கா," என்றாள் பக்கத்து மெஷினில் காலர் தைப்பவள். "எங்க உசிரை ஏன் வாங்கறீங்க?"

"கை தவறிடுச்சும்மா."

"தினம் தினம் தவற அது என்ன கையா, விலாங்கு மீனா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஊசியக்காவும் சிரித்துவைத்தார். சூப்பர்வைசர் குனிந்து, காந்தத்தைத் தரையில் இழுத்து இழுத்துத் தேடிக்கொண்டிருந்தார்.

காலர்காரி சிரிக்கவில்லை. நின்ற நேரத்தையெல்லாம் சாயங்காலம் தைத்து ஈடுகட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். அதற்குள் குழந்தைகள் காப்பகத்தைப் பூட்டிவிடுவார்கள். அவள் மகள் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள்.

வாசல் பக்கச் சுவரில் தொழிலாளர் உரிமைகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதை நின்று படித்தவள் காலர்காரி ஒருத்திதான். அன்றைக்கு அவள் நேராக மேனேஜர் அறைக்குள் போனாள்.

"சார், வேலை நேரத்துக்கு மேல எங்களைப் பிடிச்சுவைக்கக் கூடாது. ஒருத்தர் ஊசி ஒடிக்கறதுக்கு நாங்க எல்லாரும் ஏன் சார் தண்டனை அனுபவிக்கணும்? இது நின்னாகணும். இல்ல, லேபர் ஆபீசுக்குத்தான் போவேன்."

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். "நியாயமான புகார்மா," என்று தலையாட்டினார்.

ஃபேன் ஓடவில்லை என்ற புகார் எப்போது கொடுத்ததோ, அப்படியே கிடந்தது. இந்தப் புகாருக்கு மட்டும் அன்றைக்கே நடவடிக்கை. நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. ஊசியக்காவைச் சாப்பாட்டுப் பையோடு வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஒரு வார்த்தை விசாரிக்காம அனுப்பறீங்களே, இது முறையா?" என்றார் ஊசியக்கா.

"உங்ககூட வேலை செய்யறவங்களே கேட்டதும்மா," என்றார் சூப்பர்வைசர். "தொழிலாளர் உரிமையை மதிக்கணும் இல்லையா?"

மறுநாள் ஒரு ஊசியும் ஒடியவில்லை. மெஷின்கள் மழை மாதிரிக் கொட்டின. இன்றைக்கு மகளை அழவிடாமல் கூட்டிப் போகலாம் என்று காலர்காரி வேகமாகத் தைத்தாள்.

எதிர் மெஷினில் பட்டன் தைக்கும் பெண் மெல்ல எழுந்தாள். நிறைமாதம்.

"சார், பாத்ரூம் போகணும்."

"சாப்பாட்டு மணி அடிக்கட்டும்."

"அவசரம் சார். அடக்கி அடக்கித்தான் காய்ச்சலே வந்தது. இனிமே அடக்கினா குழந்தைக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"டாக்டர் வந்து டார்கெட்டை முடிச்சுக் குடுப்பாரா? உக்காரு!"

அவள் உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

காலர்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்ரூம் போறதைத் தடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு சார்!"

"சட்டம் செவுத்துல இருக்கு. நீ மெஷின்ல இரு."

அவர் நகர்ந்ததும் காலர்காரி அந்தப் பெண் பக்கம் சாய்ந்தாள்.

"இத்தனை நாளா எப்படிடி சமாளிச்சே?"

"ஊசி ஒடிஞ்சா எல்லாரும் எழுந்துடுவோமில்ல? இவரும் குனிஞ்சு தேடிட்டு இருப்பார். அந்த நேரத்துல ஓடிப் போய்ட்டு வந்துடுவேன். நான் நிமிர்ந்து ஊசியக்காவை ஒரு பார்வை பாத்தாப் போதும். கேக்கவே வேண்டாம்."

காலர்காரியின் கால் பெடலிலிருந்து விலகியது. காதெல்லாம் சூடாகிவிட்டது.

மறுபடி பெடலை மிதித்தாள். ஓடுகிற ஊசிக்கு அடியிலிருந்து காலரை வெடுக்கென்று பிடுங்கினாள். எழுந்து தள்ளி நின்றுகொண்டாள்.

"சார், ஊசி ஒடிஞ்சுபோச்சு!" என்று வரிசை முழுக்கக் கேட்கக் கத்தினாள். "நல்லாக் குனிஞ்சு தேடுங்க!"