நீலப் புள்ளி

“எல்லாரும் போனை அணைச்சு பைக்குள்ள போடுங்க. தோன்யா நோல்வியா போன் மட்டும் மேஜை மேல இருக்கட்டும்” என்றார் டாக்டர் ஒந்தினா.

இருபத்திரண்டு பேர் படிக்கிற அந்தப் பல் மருத்துவ உதவியாளர் வகுப்பில் நோல்வியாவுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. அவளுக்கு நாற்பத்தாறு வயது; அதனால்தான் மரியாதைக்கு எல்லாரும் ‘தோன்யா’ என்று அழைப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்து சேர்ந்த பெண்கள். பல்லுக்கு அச்செடுக்கும் மாவு பட்டுவிடக் கூடாதென்று அவள் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து வைத்திருப்பாள்.

அந்தப் போன் மகன் எல்வினுக்காக. அவன் வடக்கே வேலை தேடிப் போய் நான்கு வருடம் ஆகிறது. எல்லையைத் தாண்டுவதற்கு முந்தின நாள் பேசியதுதான் கடைசி.

“இன்னிக்காவது கூப்பிடுவானா தோன்யா?” என்று கேட்டாள் பக்கத்து இருக்கை கெய்டி. பத்தொன்பது வயது, வாய்த்துடுக்கு அதிகம். “கூப்பிட்டா என்கிட்டயும் குடுங்க. உங்கம்மா மாவு கலக்குற லட்சணத்தைச் சொல்றேன்.”

“சொல்லேன். அவன் வந்ததும் உன்னைத்தான் கட்டி வைக்கப் போறேன். அப்புறம் தினமும் நீதான் மாவு பிசைஞ்சு அவனுக்கு ரொட்டி சுடணும்.”

வகுப்பே சிரித்தது. நோல்வியா இருந்த தையல் ஆலையை மூடியபோது கூட வேலை பார்த்தவர்கள் இடிந்துபோய் உட்கார்ந்தார்கள். இவள் நேராக இந்தத் தொழிற்கல்லூரிக்கு வந்து விண்ணப்பம் வாங்கினாள். மகன் திரும்பி வரும்போது அம்மா வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டுமாம். யாராவது பரிதாபமாகப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது.

“மூணு வருஷம் முன்னாடி தலைநகரத்துக் கவர்மெண்ட் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, பாலைவனத்துல ஒரு உடம்பு கிடைச்சிருக்குன்னாங்க. என் பிள்ளை இல்லைன்னு ஒரே பார்வையில சொல்லிட்டு வந்துட்டேன். பெத்தவளுக்குத் தெரியாதா?” என்பாள். சொல்லும்போது ஏதோ வழக்கில் ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

அன்று முதல்முறையாகப் பல் படம் நிரப்பும் பாடம். மேலும் கீழுமாக இரண்டு வரிசைப் பற்கள் அச்சடித்த தாளை டாக்டர் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

“ரெண்டு கலர் பென்சில் எடுத்துக்குங்க...”

“அடைச்ச பல்லுக்கு நீலம்” என்றாள் நோல்வியா.

“அட! யார் சொல்லிக் குடுத்தா?”

“முன்னாடி ஒரு தடவை இந்த மாதிரி தாளைப் பாத்திருக்கேன் டாக்டர்.”

“சபாஷ். சொத்தைக்குச் சிவப்பு. ஆரம்பிங்க.”

கெய்டி நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். நோல்வியா சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

“வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப்பல். அடைச்சிருக்கு. என் எல்வினுக்கும் இதே பல்லுதான்! அடைக்கிறப்போ பயத்துல என் விரலைக் கடிச்சு வெச்சான். இதோ பாரு தழும்பு.”

“கடிக்கிற மாப்பிள்ளை எனக்கு வேணாம்” என்று திறந்த வாயோடு குழறினாள் கெய்டி.

நோல்வியா சிரித்துக்கொண்டே தாளின் வலப்பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி வைத்தாள். பின்னால் வந்து நின்ற டாக்டர் உச்சுக் கொட்டினார்.

“தப்பு தோன்யா. நீங்க இடது பல்லுக்கு வெச்சிருக்கீங்க.”

“வலது பல்லுன்னுதானே வலது பக்கம் வெச்சேன்?”

“இந்தத் தாளை அப்படிப் பாக்கக் கூடாது. நோயாளி உங்க முன்னாடி நிக்கிறார்னு நெனைச்சுக்குங்க. இப்ப நான் நிக்கிறேன் பாருங்க, என் வலது கன்னம் உங்களுக்கு எந்தப் பக்கம்?”

நோல்வியா அவர் முகத்தைப் பார்த்தாள். “இடது பக்கம்.”

“அவ்வளவுதான் விஷயம். அவங்க வலது, தாள்ல இடது. முதல் நாள் எல்லாரும் பண்ற தப்புதான்.” டாக்டர் அந்தப் புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு, தாளின் இடப்பக்கத்தில் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேறொரு நீலப் புள்ளி வைத்துக் கொடுத்தார்.

நோல்வியா தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நம்ம காலேஜ்ல மட்டும்தான் இப்படியா டாக்டர்?”

“எல்லா ஊர்லயும்தான்.”

“கவர்மெண்ட் ஆபீஸ்ல காட்டுற தாள்லயும்?”

“பல் படம்னா யார் போட்டாலும் இப்படித்தான். ஏன் கேக்கறீங்க?”

நோல்வியாவின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை.

கெய்டி நாற்காலியிலிருந்து இறங்கி வந்தாள். “ஒரு புள்ளிக்குப் போயா முகம் இப்படிப் போகுது? நேத்து நான் மாவு அச்சுல நாலு பல்லையே உடைச்சுட்டேன் தோன்யா.”

நோல்வியா பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்துப் போனை வெளியே எடுத்தாள். நான்கு வருடமாக ராத்திரியில்கூட அணைக்காத போன் அது. அதை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

டாக்டர் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். “சின்னத் தப்புதானே தோன்யா, அதான் அழிச்சு சரி பண்ணியாச்சே!”

“அன்னிக்கு ஆபீஸ்ல காட்டின அந்த உடம்போட தாள்லயும் புள்ளி இங்கதான் இருந்துச்சு டாக்டர். இடது பல்லுன்னு நெனைச்சு, என் பிள்ளை இல்லைன்னு சொல்லிட்டேனே...”