நின்றபடி கேட்டவர்கள்

"அண்ணே, உள்ள முப்பத்தெட்டுப் பேர் இருக்காங்க."

"விளையாடாதே."

"நீயே எட்டிப் பாரேன்."

அவன் நூலகத்தின் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். தங்கை சொன்னது நிஜம். பள்ளியின் ஆசிரியர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். போன கூட்டத்துக்கு வந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் மின்விசிறி ரிப்பேர் செய்ய வந்தவர்.

காசில்லாமல் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்ப்பது அவன் லட்சியம். இந்தப் பள்ளியில் அது தங்கையின் பிழைப்பும்கூட. கம்ப்யூட்டர் அறையின் பழைய மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டப் பள்ளியிடம் வழியில்லை. இருபது ஆசிரியர்கள் புதியதற்கு மாறக் கையெழுத்துப் போட்டால் அறை இருக்கும், இல்லாவிட்டால் நாளைக்கே பூட்டு என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அறையே இல்லாத பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சருக்கு என்ன வேலை?

"நான் எழுதிக் குடுத்த தலைப்பைத் தமிழ்லயே போட்டியா?"

"தமிழ்லதான் போட்டேன். அதான் இந்தக் கூட்டம்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருஷமாக இதைத்தானே தலைப்பாடாக அடித்துக்கொள்கிறான்!

உள்ளே போனான். நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். சரித்திர ஆசிரியர் மட்டும் கையோடு ஒரு தலையணை கொண்டுவந்திருந்தார்.

"உட்காருங்க சார்."

"பரவாயில்லை தம்பி, நிக்கிறோம்" என்றார் தலைமையாசிரியர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"என் அண்ணன். இதுல பத்து வருஷ அனுபவம்" என்று தங்கை அறிமுகம் செய்தாள்.

அவன் நாற்பது பக்க உரையைப் பிரித்தான். "பல வருஷமா ஒரு தொல்லையை வெளியே சொல்லாம சகிச்சுக்கிட்டு இருக்கீங்க..."

"ரொம்ப உண்மை" என்று யாரோ முனகினார்கள்.

தலைமையாசிரியர் கையை உயர்த்தினார். "லெக்சர் வேண்டாம் தம்பி. நேரா விஷயத்துக்கு வாங்க. பழசை முழுசா எடுத்துடணுமா?"

"எடுத்துடறது நல்லது சார். பயமா இருந்தா அதை ஒரு ஓரமா விட்டுட்டுப் பக்கத்துலயே புதுசையும் போட்டுக்கலாம்."

"ரெண்டுமா?" கணக்கு டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணையே தாங்க முடியலை."

"அப்ப எடுத்துடலாம் டீச்சர். இருபது நிமிஷ வேலை."

"நீங்க எங்க படிச்சீங்க?" என்றார் தலைமையாசிரியர்.

"படிக்கலை சார். வீட்டுலயே செஞ்சு பார்த்துக் கத்துக்கிட்டேன். முதல்ல எங்க அம்மாவுக்குத்தான் செஞ்சேன்."

சுவரோரம் நின்றவர்கள் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.

"அம்மா... இப்ப எப்படி இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டார் விளையாட்டு ஆசிரியர்.

"அதை ஏன் கேக்கறீங்க! முன்னெல்லாம் பத்து நிமிஷம் சேர்ந்தாப்புல உட்கார மாட்டாங்க. இப்பக் காலையில உட்கார்ந்தா மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கறதே இல்லை."

முப்பத்தெட்டுப் பேரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டார்கள். சரித்திர ஆசிரியர் தலையணையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்படி ஒரு கூட்டத்தை அவன் கண்டதில்லை. உற்சாகம் தலைக்கேறியது. "இதுல ஒளிவு மறைவே கிடையாது. உள்ளே என்ன இருக்குன்னு யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம். எங்கேயோ ஒரு நாட்டுல முகம் தெரியாத ஒருத்தர் பார்ப்பார். குறை தெரிஞ்சா அவரே சரி பண்ணுவார்!"

"எல்லா நாட்டுக்காரங்களுமா பார்ப்பாங்க?" கணக்கு டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பல்லாயிரம் பேர் டீச்சர்!"

தங்கைக்கு அடக்க முடியாத இருமல் வந்தது. சட்டென்று தாளை நீட்டினாள். "பழையதை விட்டுப் புதியதற்கு மாறச் சம்மதம். இதற்குக் கம்ப்யூட்டர் அறை தொடர்ந்து தேவை. அவ்வளவுதான், கையெழுத்துப் போடுங்க."

தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவன் காதருகே குனிந்தார். "அந்த அறையில எல்லாருக்கும் வரிசையாவா செய்வீங்க?"

"ஆமா சார், ஒரே மூச்சுல முடிச்சிடுவேன்."

"நடுவுல ஸ்கிரீன் எதாவது...?"

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ஸ்கிரீன் இருக்கு சார்."

"அப்பச் சரி. எனக்குத்தான் முதல்ல." போட்டார். அவருக்குப் பின்னால் தள்ளுமுள்ளு ஆரம்பித்தது.

கால் மணி நேரத்தில் முப்பத்தெட்டுக் கையெழுத்தும் விழுந்தன. தங்கை தாளை நிர்வாகியின் அறையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். "அறை தப்பிச்சுது! அண்ணே, சீக்கிரம் கிளம்பு. ஓடு."

"எதுக்கு ஓடணும்? நாளைக்கு இன்னொரு கூட்டம் போடலாம். எவ்வளவு தாகம் பார்த்தியா இவங்களுக்கு!"

வாசலருகே அறிவிப்புப் பலகை இருந்தது. தன் தலைப்பைத் தமிழில் பார்க்கும் ஆசையில் அவன் நின்றான். மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது:

'திறந்த மூலம். செலவில்லாத் தீர்வு. மாலை நான்கு மணி, நூலகம்.'

அவன் இரண்டு தடவை படித்தான். முகம் வெளுத்தது.

"ஏய், மூலத்துக்கு அப்புறம் 'மென்பொருள்'னு எழுதிக் குடுத்தேனே, அது எங்கே?"

"பலகையில இடம் பத்தலைண்ணே" என்றாள் தங்கை, முக்கால்வாசி காலியாகக் கிடந்த பலகையில் சாய்ந்தபடி.